சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பல் வலித்தால்…



'பல் போனால் சொல் போச்சு' என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. சொல்லே சரியாக வராத பிள்ளைக்குப் பல் கெட்டால் என்ன ஆகும்? சோறு இறங்காது. தூக்கம் வராது. கூடவே தாயின் தூக்கமும் போகும். அதைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

நம் குழுக்களில் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். (முன்பு 'மனவளர்ச்சி குன்றியவர்கள்' என்று எழுதினோம். இப்போது 'அறிவுசார் குறைபாடு' என்றுதான் சொல்கிறோம்.) இந்தப் பிள்ளைகளை நடக்க வைக்கவும், பேச வைக்கவும் அவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். பயிற்சிக்குப் பஸ் ஏறுகிறார்கள், சான்றிதழுக்கு வரிசையில் நிற்கிறார்கள். இத்தனை ஓட்டத்தில் பிள்ளையின் வாய்க்குள் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. "பேச்சே வரலே மேடம், பல்லைப் பத்தி யாரு நினைக்கிறது?" என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் கீழே இருக்கிறது.

சேட்டை இல்லை, வலி

இன்னொரு குழுவில் ஓர் அக்கா. அவருடைய மகனுக்கு 11 வயது. நாலைந்து வார்த்தைதான் பேசுவான். திடீரென்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். ராத்திரியில் கத்தினான். "சேட்டை ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்கள் வீட்டில். பாட்டி கையில் கயிறு மந்திரித்துக் கட்டினார். அடித்துக்கொள்ளாமல் இருக்க அப்பா அவன் கையைத் துணியால் கட்டிவைத்தார். அந்த அக்கா கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஏன் வரவில்லை என்று பார்க்கப் போன ஒரு உறுப்பினர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "எப்பவும் அதே கன்னத்திலதான் அடிச்சிக்கிறானா?" ஆமாம், எப்போதும் வலது கன்னம்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய குழி. ஈறும் வீங்கியிருந்தது. அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து அந்தப் பல்லை எடுத்தார்கள். மூன்றாம் நாள் பையன் தட்டைக் காலி செய்தான். கன்னத்தில் அடிப்பதும் நின்றுவிட்டது.

ஆனால் எடுத்தது பால் பல் இல்லை. 6 வயதில் முளைத்த நிலையான பல். அது இனி முளைக்காது. தினமும் இரண்டு நிமிடம் துலக்கியிருந்தால் அந்தப் பல்லும் இருந்திருக்கும், அத்தனை நாள் வேதனையும் வந்திருக்காது.

சொல்லத் தெரியாத பிள்ளை வலியை நடத்தையில்தான் காட்டும். இவற்றில் ஏதாவது புதிதாகத் தெரிந்தால் முதலில் வாயைப் பாருங்கள்:

* பிடித்த சாப்பாட்டையும் மறுப்பது, ஒரே பக்கமாக மெல்லுவது
* சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்தால் முகம் சுளிப்பது, அழுவது
* கன்னத்தில், தாடையில் அடித்துக்கொள்வது, வாய்க்குள் கைவிட்டு அழுத்துவது
* வழக்கத்தைவிட அதிகமாக எச்சில் வடிவது, வாய் நாற்றம்
* இரவில் எழுந்து கத்துவது, காரணம் தெரியாத கோபம்
* முகம் வீக்கம், காய்ச்சல். இது இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

ஏன் இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிறது?

இது யாருடைய சாபமும் இல்லை. காரணங்கள் சாதாரணமானவை.

ஒன்று, சாப்பாடு வாயில் தங்குவது. தசை தளர்ச்சியாக உள்ள பிள்ளைகள் சோற்றைக் கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொள்ளும். நாக்கால் சுற்றித் துழாவி விழுங்கத் தெரியாது. ஊறிக் கிடக்கும் சோற்றில் கிருமிகள் அமிலம் உண்டாக்கும். அந்த அமிலம்தான் பல்லைக் குழி ஆக்குகிறது.

இரண்டு, மருந்து. வலிப்பு மருந்து, சளி மருந்து எல்லாம் இனிப்பு சிரப்பாக வரும். ராத்திரி மருந்தைக் கொடுத்து அப்படியே படுக்க வைத்தால் விடியும்வரை சர்க்கரை பல்லில் இருக்கும். மருந்து கொடுத்ததும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடோயின் என்ற மருந்து சில பிள்ளைகளுக்கு ஈறைத் தடிக்க வைத்துப் பல்லை மூடும். அப்படித் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரும்.

மூன்று, பால் பாட்டில். மெல்லத் தெரியவில்லை என்று 3, 4 வயதுவரை பாட்டிலில் சர்க்கரை போட்ட பால் கொடுத்துத் தூங்க வைக்கிறோம். மேல் முன்பற்கள் வரிசையாகக் கறுத்து உடைவது இதனால்தான்.

நான்கு, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள். இவர்களுக்குப் பல் தாமதமாக முளைக்கும். மற்ற பிள்ளைகளுக்கு 6 மாதத்தை ஒட்டி முதல் பல் வரும். இவர்களுக்கு ஒரு வயதைத் தாண்டியும் வரலாம். பயப்பட வேண்டாம். ஆனால் ஈறு நோய் இவர்களுக்குச் சின்ன வயதிலேயே வரும். இன்னொரு முக்கியமான விஷயம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் குறை இருக்கிறது. கெட்டுப்போன ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்தால் அந்த இருதயத்தில் போய் உட்காரும். உயிருக்கே ஆபத்து வரலாம். "பல்லைப் பத்தி யாரு நினைக்கிறது" என்று கேட்ட அக்காவுக்கு இதுதான் பதில்.

பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது என்று விடாதீர்கள். பால் பல் 20. கடைசிப் பால் பல் விழுவது 12 வயது வாக்கில்தான். அதுவரை அந்தப் பல்லால்தான் சாப்பிட வேண்டும். முதல் நிலையான கடைவாய்ப் பல் 6 வயதில் எல்லாவற்றுக்கும் பின்னால் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறோம். முதலில் சொத்தையாவது பெரும்பாலும் அதுதான்.

எப்படித் துலக்கிவிடுவது?

"வாயைத் திறக்க மாட்டேங்கிறான், கடிக்கிறான், நான் என்ன பண்றது?" இதுதான் எல்லாத் தாய்மாரும் கேட்பது. வழி இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் வராது.

முதல் வாரம்: பிரஷ் வேண்டாம். ஒரு நேரம் குறித்துக்கொண்டு பிள்ளையின் கன்னத்தை, உதட்டைத் தடவிக் கொடுங்கள். கையை எடுத்ததும் பாராட்டுங்கள்.

இரண்டாம் வாரம்: ஈரத் துணியை விரலில் சுற்றி முன்பற்களையும் ஈறையும் துடையுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று எண்ணி நிறுத்துங்கள். எண்ணி முடித்தால் விட்டுவிடுவார்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். கடிக்கும் பிள்ளையாக இருந்தால் விரலைப் பற்களுக்கு நடுவே விடாதீர்கள். வெளிப் பக்கம் மட்டும் துடையுங்கள்.

மூன்றாம் வாரம்: பேஸ்ட் இல்லாமல் வெறும் பிரஷ். தண்ணீரில் நனைத்து முன்பல்லில் மட்டும் ஐந்து எண்ணும்வரை. நீங்களும் கூடவே துலக்கிக் காட்டுங்கள்.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் கடைவாய் வரை போகலாம். ஒரு பிள்ளைக்கு மூன்று வாரம் ஆகும், இன்னொரு பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

எங்கே உட்கார்வது? குளியலறையில்தான் துலக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளிச்சம் உள்ள திண்ணை நல்லது. பிள்ளை கீழே உட்காரட்டும். நீங்கள் அதன் பின்னால் நாற்காலியிலோ கட்டிலிலோ உட்காருங்கள். பிள்ளையின் தலை உங்கள் மடியில் சாய்ந்திருக்கட்டும். இடது கையால் தாடையைத் தாங்கி, உதட்டை விலக்கி, வலது கையால் துலக்குங்கள். முன்னால் நின்று துலக்கினால் பிள்ளை பின்னால் நகரும். பின்னால் இருந்து துலக்கினால் உங்கள் உடம்பே அதற்குச் சுவர் மாதிரி தாங்கல்.

சின்னப் பிள்ளை என்றால் கணவனும் மனைவியும் முழங்காலோடு முழங்கால் தொட எதிரெதிரே உட்காரலாம். ஒருவர் மடியில் பிள்ளையின் தலை, இன்னொருவர் மடியில் கால். ஒருவர் துலக்கும்போது மற்றவர் கைகளை மெதுவாகப் பிடித்துக்கொள்ளலாம். அப்பாவுக்கும் இதில் வேலை உண்டு!

விழுங்கச் சிரமப்படும் பிள்ளையை முழுக்க மல்லாக்கப் படுக்கவைத்துத் துலக்கக் கூடாது. புரையேறும். நிமிர்த்தி உட்கார வைத்து, முகத்தைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துத் துலக்குங்கள்.

பிரஷ் சின்னத் தலையாக, மென்மையான இழையாக இருக்க வேண்டும். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம், கடைசியில் நாக்கு. தினமும் இதே வரிசையில் செய்தால் அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். ஒரே தடவையில் முடியவில்லையா? மேல் வரிசையை முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் விளையாட விட்டுக் கீழ் வரிசையைத் துலக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அதில் ராத்திரி வேளையை விடவே கூடாது. தூங்கும்போது எச்சில் குறைவாக ஊறும், அதனால் பல் சீக்கிரம் கெடும்.

ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். அழுக்குப் படிந்து ஈறு வீங்கியிருப்பதால்தான் ரத்தம் வருகிறது. மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால் குறையும். இரண்டு வாரத்திலும் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

செய்யக் கூடாதவை மூன்று. மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைக்காதீர்கள். அடிக்காதீர்கள். "டாக்டர் ஊசி போடுவார்" என்று பயமுறுத்தாதீர்கள். இன்று ஒரு நாள் பல் சுத்தமாகும், நாளை முதல் பிரஷைக் கண்டாலே பிள்ளை ஓடும்.

தானே துலக்கப் பழக்குவோம்

'பாவம், அதுக்கு என்ன தெரியும்' என்று எல்லாவற்றையும் நாமே செய்தால் பிள்ளை கற்றுக்கொள்ளாது. 'உனக்குத்தான் வயசாச்சே' என்று முழுவதும் அதன் கையில் விட்டாலும் பல் கெடும். நடு வழி இதுதான்: முதலில் நீ, பிறகு அம்மா.

துலக்குவதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரியுங்கள். பிரஷை எடுப்பது, நனைப்பது, பேஸ்ட் வைப்பது, முன்பல் துலக்குவது, வலது பக்கம், இடது பக்கம், துப்புவது, வாய் கொப்பளிப்பது, பிரஷைக் கழுவுவது, இடத்தில் வைப்பது. பத்துப் படிகள். சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் கடைசிப் படியிலிருந்து கற்றுத்தரும் முறையைப் பயன்படுத்துவார்கள். முதல் ஒன்பதையும் நீங்கள் கை பிடித்துச் செய்துவிட்டு, பிரஷை டம்ளரில் வைப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது வந்ததும் கழுவி வைப்பது. அப்புறம் கொப்பளிப்பது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். ஒவ்வொரு நாளும் 'நானே முடித்தேன்' என்ற சந்தோஷத்தில் வேலை முடியும்.

பிரஷ் கையில் நிற்கவில்லையா? கைப்பிடியில் பழைய சைக்கிள் கைப்பிடி உறையை மாட்டுங்கள். இல்லையென்றால் துணியைத் தடிமனாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒரு ரப்பர் பந்தில் ஓட்டை போட்டுச் செருகினாலும் போதும். காசு செலவில்லாத வேலை.

பிள்ளை தானே துலக்கி முடித்தபின் நீங்கள் ஒரு தடவை வாங்கித் துலக்கிவிடுங்கள். மற்ற பிள்ளைகளுக்கே 7, 8 வயதுவரை இது வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இன்னும் பல வருடம் வேண்டியிருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேஸ்ட், பல்பொடி, குச்சி

புளோரைடு உள்ள பேஸ்ட் சொத்தையைத் தடுக்கும். 3 வயதுக்குள் ஒரு அரிசி அளவு. 3 முதல் 6 வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நிறைய வைக்க வேண்டாம். துப்பத் தெரியாத பெரிய பிள்ளைக்கும் அரிசி அளவு வைத்து, துலக்கியதும் துணியால் துடைத்து எடுங்கள். பேஸ்ட் காரமாக இருக்கிறது என்று அழும் பிள்ளைக்குக் காரம் இல்லாத பேஸ்டாகப் பார்த்து வாங்குங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே புளோரைடு அதிகம். பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை வருவது அதனால்தான். அந்தப் பக்கம் உள்ளவர்கள் கிணறு, போர் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காமல், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற இடத்தில் அதையே கொடுங்கள். பேஸ்ட் எவ்வளவு வைக்கலாம் என்று பல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செங்கல் பொடி, சாம்பல், கரி வேண்டாம். பல்லைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பல்பொடி 1992-லேயே தடை செய்யப்பட்டது. வேப்பங்குச்சி நல்லதுதான் என்றாலும், கை நிதானம் இல்லாத பிள்ளைக்குத் தொண்டையில், ஈறில் குத்திவிடும்.

மிட்டாய் என்னும் பரிசு

நம் பிள்ளைகளுக்கு இனிப்பு அதிகமாகச் சேர இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வேலை செய்தால் மிட்டாய், அழுகையை நிறுத்தினால் பிஸ்கட். வீட்டிலும் சரி, பயிற்சி இடத்திலும் சரி, இதுவே பழக்கம். பாவம் என்று பக்கத்து வீட்டாரும் கையில் எதையாவது திணிப்பார்கள்.

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு தடவை இனிப்பு வாய்க்குள் போகும்போதும் அமிலம் உண்டாகி, அரை மணி நேரம்வரை பல்லைத் தாக்கும். நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் கொடுத்தால் பல்லுக்கு ஓய்வே இல்லை. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். பரிசாகக் கை தட்டுங்கள், தூக்கிச் சுற்றுங்கள், பாட்டுப் போடுங்கள், சோப்பு நுரையில் முட்டை விடுங்கள். பயிற்சி ஆசிரியரிடமும் இதைச் சொல்லுங்கள்.

பல் டாக்டரிடம் போகும்போது

வலி வந்தபின் போகாதீர்கள். முதல் பல் முளைத்ததும் ஒரு தடவை காட்டிவிட்டு, அப்புறம் 6 மாதத்துக்கு ஒரு தடவை காட்டுவது நல்லது. முதல் தடவை சிகிச்சை எதுவும் வேண்டாம். நாற்காலியைப் பார்க்கட்டும், டாக்டரின் முகத்தைப் பார்க்கட்டும், அவ்வளவுதான். காலையிலேயே போங்கள். பிடித்த பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பலில் பிள்ளை மிரண்டால், "வெளியே மரத்தடியில இருக்கோம், முறை வந்ததும் கூப்பிடுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள்.

டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை: இருதயக் குறை இருக்கிறதா, வலிப்பு வருமா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. மருந்துச் சீட்டையே கையில் கொண்டுபோங்கள். அசையாமல் இருக்க முடியாத பிள்ளைக்குப் பெரிய மருத்துவமனைகளில் மயக்கம் கொடுத்து, ஒரே தடவையில் எல்லாப் பல்லையும் சரிசெய்ய முடியும்.

வலிப்பில் விழுந்து நிலையான பல் கழன்று வந்துவிட்டால் வேரைத் தொடாமல் பல்லின் மேல்பாகத்தைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு உடனே பல் டாக்டரிடம் ஓடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு அதிகம். பால் பல் என்றால் திரும்பப் பொருத்த மாட்டார்கள்.

அரசு உதவி

* 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து 18 வயதுவரை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அதில் பல்லும் சேர்த்திதான். வீட்டிலேயே இருக்கும் பிள்ளையை அன்றைக்கு அங்கன்வாடிக்குக் கூட்டிப்போங்கள். மேல்சிகிச்சைக்கு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு கொடுப்பார்கள்.
* 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு இருக்கிறது. வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. பல் பாதுகாப்புக்கும் இதில் ஒரு பகுதி உண்டு.
* அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023-ல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அடையாள அட்டையும் உதவித்தொகையும் இன்னும் இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

இது ஒரு தாயின் தனி வேலை இல்லை. விடியற்காலையில் சமையலை முடித்துக் கழனிக்கு ஓடுகிற பெண், வாய் திறக்க மறுக்கும் பிள்ளையோடு எத்தனை நாள் தனியாகப் போராடுவாள்? கூட்ட நாளில் பிள்ளையையும் அழைத்து வரச் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு ஒருவர் கூடப் போங்கள். வண்டிச் செலவுக்கு அவசரக் கடன் கொடுங்கள். அந்த 11 வயதுப் பையனின் வலியைக் கண்டுபிடித்தது ஒரு டாக்டர் இல்லை, வீடு தேடிப்போன ஒரு குழு உறுப்பினர்தான்.

கூட்டத்தில் பேசுவதற்கான கேள்விகள்:

1. நம் குழுவில், நம் தெருவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களின் வாயைக் கடைசியாகப் பார்த்தது எப்போது?
2. 'சேட்டை' என்று நாம் சொன்னவற்றில் வலியாக இருந்திருக்கக்கூடியவை எவை?
3. ராத்திரி வேளை துலக்கிவிட வீட்டில் வேறு யாரைப் பழக்கலாம்? அப்பாவா, அக்காவா, பாட்டியா?
4. மிட்டாய்க்குப் பதிலாக என்ன பரிசு கொடுக்கலாம்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒரு வேலை: இன்று ராத்திரியே ஒரு டார்ச் எடுத்துப் பிள்ளையின் வாயைத் திறந்து பாருங்கள். கறுப்புப் புள்ளி, குழி, ஈறு வீக்கம் ஏதாவது இருந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள். யாரை எந்த மருத்துவமனைக்கு எப்போது அழைத்துப் போவது என்று கூட்டத்திலேயே முடிவு செய்வோம்.

அன்புடன்,
கள ஒருங்கிணைப்பாளர்